காபி மாதிரிதான், மாமா

வைகாசி ஒண்ணாம் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்கு, குடியாத்தத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்ன மூன்று வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. "காபி மாதிரிதான், மாமா." சொன்னது அக்கா வீட்டுக்காரரிடம். அவர் லாரி ஓட்டுகிறவர். புனே போய்விட்டு முந்தின நாள் நள்ளிரவில்தான் வீடு வந்திருந்தார். மூன்று மணி நேரம் படுத்திருப்பார், அவ்வளவுதான். விடிந்ததும் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரசு ஊர்வலத்து நெரிசலில் நின்றுவிட்டு வந்து, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அன்று சாயங்காலமே ஆம்பூரில் அடுத்த லோடு. "நீ எப்டி மச்சான் ராத்திரி பூரா முழிச்சுகினு கீற?" என்று கேட்டார். நான் பெருமையாகப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். மொடாஃபினில், 200 மில்லிகிராம். பத்தில் ஆறு மிச்சம் இருந்தது. "இது இன்னா, போதை கீதையா?" என்றார். சேச்சே, அதெல்லாம் இல்லை, இது டோபமினைத் தொடாது, பழக்கம் ஆகாது, காபி மாதிரிதான் மாமா என்று சொல்லி ஆறையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

டோபமின் என்றால் என்ன என்று அப்போது யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். "சந்தோஷ கெமிக்கல்" என்று வாட்ஸ்அப்பில் வருமே, அந்த அளவு ஞானம்தான். அந்த வாக்கியம் என்னுடையதும் இல்லை, எங்கள் டீமில் ஒருவன் எனக்குச் சொன்னது. அவனுக்கு யார் சொன்னார்களோ. இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த ஒரு வாக்கியத்தை நம்பி, இருபது டன் வண்டி ஓட்டுகிற மனிதருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன் என்பது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

என் கதை சின்னதுதான். காட்பாடியில் கழிஞ்சூர் பக்கம் மாடி போர்ஷன், வீட்டிலிருந்தே வேலை, அமெரிக்க மெடிக்கல் பில்லிங். நமக்கு ராத்திரி, அவர்களுக்குப் பகல். அங்கே ஒரு டாக்டர் எழுதிய மருந்துக்கு இன்சூரன்ஸ்காரன் பணம் தரமாட்டேன் என்பான். அவனுக்கு போன் போட்டு, காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஏன் தரமாட்டாய் என்று கேட்பதுதான் என் சம்பளம். இதில் ஒரு வேடிக்கை. என் திரையில் அடிக்கடி வந்த மருந்துகளில் மொடாஃபினிலும் ஒன்று. முன் அனுமதி கேட்பார்கள், தூக்கப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள், நார்கோலெப்சி என்கிற, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தள்ளுகிற நோயா, தூக்கத்தில் மூச்சடைப்பா, ஷிஃப்ட் வேலைத் தூக்கக் கோளாறா, எது என்று கேட்பார்கள், ஒரு காகிதம் குறைந்தாலும் மறுப்பு. நான் அந்த மறுப்பைப் படித்துக்கொண்டே அதே மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறேன். என்னிடம் எந்தச் சீட்டும் இல்லை. அட்டை ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். அந்தக் கோட்டை மெடிக்கல்காரரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

முதல் ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. படபடப்பு இல்லை, ஜிவ்வென்று ஏறவில்லை. வழக்கமாக இரண்டரை மணிக்கு மண்டை தானாக முன்னால் சாயும். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்தால் நாலு. பல் வலி நின்று ஒரு நேரம் கழித்துத்தான் அட, வலி இல்லையே என்று தெரியும் அல்லவா, அந்த மாதிரி தூக்கம் இல்லாமல் போயிருந்தது. வாய் மட்டும் காய்ந்து, லேசாகத் தலைவலி, காலையில் இட்லி இறங்கவில்லை. காபியால் கை நடுங்கும், இதனால் நடுங்கவில்லை. அப்போ இது காபியைவிட சாது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் தப்பின் ஆரம்பம்.

பிளாட்பாரமும் கேட்டும்

இந்த மாத்திரை மூளையில் என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தது பிற்பாடு. புரிந்துகொள்ள எனக்கு உதவியது காட்பாடி ஸ்டேஷன். பிருந்தாவன் வந்து நின்றதும் பிளாட்பாரம் நிறையும், ஐந்து நிமிஷத்தில் ஜனம் வெளியேறிவிடும், பிளாட்பாரம் மறுபடி காலி. மூளையில் ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சின்னச் சந்து இருக்கிறது. டோபமின் அந்தச் சந்தில் இறங்கும், எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொள்கிற ரிசப்டரைத் தட்டும், அப்புறம் வந்த செல்லுக்கே திரும்ப உறிஞ்சப்படும். உறிஞ்சிக்கொள்கிற வாசலுக்கு டோபமின் ட்ரான்ஸ்போர்ட்டர் என்று பெயர். பிளாட்பாரத்தின் வெளியேறும் கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டை மறித்து ஒருவர் நின்றால் என்ன ஆகும்? புதிதாக ஒரு ரயிலும் வர வேண்டியதில்லை, இறங்கின கூட்டமே நகராமல் பிளாட்பாரம் நெரியும். பிள்ளைகளின் கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் செய்வது இதைத்தான். ஆம்பெட்டமின் இன்னும் ஒரு படி மேலே: உள்ளே சேமித்து வைத்திருந்த கூட்டத்தையும் கிளப்பி, அதே கேட் வழியாகப் பின்னோக்கித் தள்ளி பிளாட்பாரத்தில் கொட்டும். அதனால்தான் அதன் வேகமும் ஆபத்தும் வேறு. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கும் விமானிகளுக்கும் அந்த வகை மாத்திரைகளை இரண்டு தரப்புமே கொடுத்தார்கள்.

காபி இந்தக் கேட் பக்கமே போவதில்லை. நாம் விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற ஒன்று சேர்ந்துகொண்டே வரும், போதும் படு என்று சொல்வது அதுதான். அது உட்கார வேண்டிய நாற்காலியில் காபீன் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொள்ளும். அடினோசின் நின்றுகொண்டே இருக்கும், போகாது. காபியின் பிடி தளர்ந்ததும் மொத்தமாக வந்து உட்காரும். மதியம் மூன்று மணி டீக்கு ஏங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டில் மொடாஃபினில் எந்தப் பக்கம்? பிரான்ஸில் லாஃபோன் என்ற கம்பெனியின் ஆய்வகத்தில் பிறந்த மருந்து இது. தூக்க ஆராய்ச்சியில் பெரிய பெயரான மிஷெல் ஜுவே அதை நார்கோலெப்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998 டிசம்பரில். ஆரம்பத்தில் இது நார்அட்ரினலின் என்ற வேறொரு மூளை கெமிக்கல் வழியாக வேலை செய்கிறது, டோபமினுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றுதான் நினைத்தார்கள். ஆக, எங்கள் டீம் நண்பன் சொன்னது அடியோடு கட்டுக்கதை இல்லை, ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே சொன்னதுதான். காலாவதியான மாத்திரை மாதிரி காலாவதியான வாக்கியம், அட்டையில் தேதி மட்டும் போடவில்லை.

2001இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்கள். அந்த கேட்டே இல்லாமல், அதாவது டோபமின் ட்ரான்ஸ்போர்ட்டருக்கான மரபணுவையே எடுத்துவிட்டுப் பிறக்க வைத்த சுண்டெலிகள். அவற்றுக்கு மொடாஃபினில் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை, தூங்குகிற எலி தூங்கியது. ஆம்பெட்டமினின் இன்னும் தீவிரமான உறவுக்காரனான மெத்தாம்பெட்டமினும் பலிக்கவில்லை. ஆனால் காபீன் கொடுத்தபோது மற்ற எலிகளைவிட அதிகமாகவே விழித்துக்கொண்டன. இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். கேட் இல்லாத ஊரில் கேட்டை மறிக்கிறவனுக்கு வேலை இல்லை, இடம் பிடிக்கிறவனுக்கு வேலை இருக்கிறது. காபி ஒரு பக்கம், என் மாத்திரை இன்னொரு பக்கம், என் மாத்திரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மெத்தாம்பெட்டமின். ஒரே பக்கம் என்பதால் இரண்டும் ஒரே ஆபத்து என்று ஆகிவிடாது, மொடாஃபினில் கேட்டைப் பிடிக்கிற பிடி லேசானது, பழக்கத்துக்கு இழுக்கிற சக்தியும் குறைவுதான். ஆனால் நான் மாமாவிடம் சொன்னது "குறைவு" என்றா?

எலி சரி, மனிதன்? அமெரிக்காவில் நோரா வால்கோ என்ற ஆய்வாளரின் குழு 2009 மார்ச்சில் வெளியிட்டது. ஆரோக்கியமான பத்து ஆண்கள், 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம். அதே 200, என் அட்டையில் இருந்தது. எத்தனை கேட் அடைபட்டிருக்கிறது என்று எண்ண அவர்கள் பயன்படுத்தியது கதிரியக்கக் குறி ஏற்றிய துளியூண்டு கொகேய்ன். கொகேய்ன் போய் உட்காருவதும் அந்த கேட்டில்தான், எனவே அதற்கு உட்கார இடம் கிடைக்காத அளவு, மாத்திரை அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கணக்கு. மூளையில் காடேட் என்ற பகுதியில் கிட்டத்தட்ட பாதி இடம் போயிருந்தது. ஆசையும் பழக்கமும் ஊறுகிற நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியிலும் டோபமின் ஏறியிருந்தது. பழக்கமாகும் வாய்ப்பை ஒதுக்கித் தள்ள வேண்டாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன விலகல். டோபமின் மூளையில் சொந்தமாக ஒரு வேலை பார்க்கிறது என்று தெரிய வந்ததில் நம் ஊர் வேர் ஒன்றுக்குப் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த ரிசர்பினை 1950களில் ஸ்வீடனில் அர்வித் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை காது தொங்கி, பொம்மை மாதிரி அசையாமல் கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோப்பாவை ஊசி போட்டதும் எழுந்து ஓடின. 2000இல் நோபல் கிடைத்தது. அந்த முயல்களுக்கு இல்லாமல் போனது சந்தோஷம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுந்து போக வேண்டும் என்கிற உந்துதல்தான் போயிருந்தது. வாட்ஸ்அப்பின் "சந்தோஷ கெமிக்கல்" என்கிற விளக்கத்தில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. "இது முக்கியம், இதைச் செய்" என்று முதுகில் தட்டுகிற கை என்று சொன்னால் கொஞ்சம் கிட்டே வரும்.

கல்யாண ஆல்பம்

எது முக்கியம் என்று அந்தக் கைக்குத் தெரியாது. எனக்கு அது தெரிந்த ராத்திரி ஒன்று உண்டு, தெரிந்தபோது தெரிந்ததாகத் தெரியவில்லை, அது வேறு. ஒரு சனிக்கிழமை, ஷிஃப்ட் இல்லை. குரூப் 2 தேர்வுக்குப் படிக்கலாம் என்று வேண்டுமென்றே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் லேப்டாப்பில் இடம் இல்லை என்று ஒரு அறிவிப்பு வந்தது. சரி, இரண்டு நிமிஷம் என்று அக்கா கல்யாண போட்டோக்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். கண் மூடின படங்களைத் தனியாக எடுத்தேன். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டேன்: பெண் அழைப்பு 1, பெண் அழைப்பு 2. அப்புறம் பெண் அழைப்பு என்பதைவிட நேரப்படி வைத்தால் நன்றாக இருக்குமே என்று எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கினேன். பந்தியில் சாப்பிடுகிறவர்களை வரிசை வாரியாகப் பிரித்தேன். எங்கள் பெரியம்மா மூன்று பந்தியிலும் இருப்பதைக் கண்டுபிடித்தேன், அதற்கு ஒரு தனி ஃபோல்டர். மணி மூன்றரை. புத்தகத்தின் ஒரு பக்கம் திரும்பவில்லை.

அதில் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைவது வீணான நேரம் இல்லை. நேரத்தை வீணாக்குவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, போனை நோண்டி நோண்டி எத்தனையோ ராத்திரி போயிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் ஓரமாக ஒரு குறுகுறுப்பு இருக்கும், டேய் போதும் எழுந்திரு என்று. அன்றைக்கு அந்தக் குரல் இல்லை. இருந்தது நேர்மாறான ஒன்று. ஆறரை மணி நேரம் மாபெரும் காரியம் ஒன்றை ஒழுங்காகச் செய்து முடித்த திருப்தி. காலையில் அம்மாவுக்கு போன் போட்டு, ஆல்பத்தை சூப்பராக ரெடி பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அம்மா, "யாருடா கேட்டாங்க?" என்றாள்.

இதே வால்கோ குழு 2004இல் மெத்தில்ஃபெனிடேட்டை வைத்துச் செய்த ஒன்றைப் பின்னால் படித்தபோது எனக்கு அந்த ஆல்பம்தான் ஞாபகம் வந்தது. ஆட்களுக்கு மாத்திரை கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். டோபமின் ஏறியது, கூடவே அந்தக் கணக்கு சுவாரசியமாக இருக்கிறது, செய்ய ஆர்வமாக இருக்கிறது என்றார்கள். சும்மா படம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அளவு ஏறவில்லை. அதாவது மாத்திரை தனியாக எதையும் ஊட்டுவதில்லை, முன்னால் எது இருக்கிறதோ அதன் மதிப்பைத் தூக்கிவிடுகிறது. முன்னால் கணக்கு இருந்தால் கணக்கு. பெரியம்மாவின் மூன்றாவது பந்தி இருந்தால் அது.

பள்ளிகொண்டா டோல்

மாமா போன் செய்தது ஆவணியில். நல்ல செய்தி சொல்கிற குரல். "மச்சான், உன் மாத்திரை சூப்பர்டா. ஹூப்ளில மத்தியானம் சாப்ட்டு எடுத்தேன், ராணிப்பேட்டை சிப்காட்லதான் எறங்கனேன்." நான் கொடுத்த ஆறில் மிச்சம் வைத்திருந்த கடைசி இரண்டையும் அந்த ட்ரிப்பில் போட்டிருக்கிறார், இன்னொரு அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான் போன். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு கூத்து கேளு. வேலூர் வந்தப்பறம் கிளீனரு கிட்ட, பள்ளிகொண்டா டோல் இன்னும் வரலியான்னு கேக்கறேன். அவன் என்னைப் பாத்து முழிக்கறான். டோலைத் தாண்டி அர மணி நேரம் ஆச்சுண்ணேன்றான்." ஃபாஸ்டாக் வந்தபிறகு டோலில் கை நீட்டிக் காசு கொடுக்கிற வேலை இல்லை, கட்டை தூக்கும், போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் வேகம் குறைத்து, கியர் மாற்றி, லேன் பார்த்து, முன் வண்டிக்குப் பின்னால் நின்று, இவ்வளவும் செய்திருக்கிறார். அத்தனையும் செய்த நினைவே இல்லை.

"அந்தப் பையன் வேற, ஆம்பூர் தாண்டி ரெண்டு வாட்டி வெள்ளைக் கோட்டுக்கு வெளிய போய்ட்டு வந்தீங்கண்ணேன்றான். எனக்கு வந்துது பாரு கோவம். நான் இன்னிக்கு ஓட்டின மாதிரி என்னிக்குமே ஓட்டினதில்ல, நீ எனக்கு சொல்றியான்னு நல்லா ஏத்து விட்டேன்" என்றார். என்னிக்குமே இல்லாத அளவுக்கு நன்றாக ஓட்டியதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. நானும் போனில், ஆமா மாமா, பசங்க அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு போனை வைத்தபிறகுதான், அம்மாவுக்கு போன் போட்டு ஆல்பம் சூப்பர் என்று நான் சொன்ன அதே தொனி அது என்று பட்டது. அன்று மதியம் படுத்தும் தூக்கம் வரவில்லை. அதற்கு ராத்திரி பத்து மணிக்குப் போட்ட மாத்திரையும் காரணம் என்று நினைக்கிறேன். அதன் பாதி உடம்பை விட்டுப் போகவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும், வழக்கமாகக் காலை எட்டு மணிக்கு நான் படுக்கும்போது பாதிக்கு மேல் உள்ளேதான் இருந்திருக்கும்.

படிக்க ஆரம்பித்தது அந்த மதியம். 1997இல் கனடாவின் ராணுவ ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் வெளியிட்ட ஒன்று கண்ணில் பட்டது. ஆட்களை 64 மணி நேரம் தூங்க விடாமல் வைத்து, ஒரு பிரிவுக்கு மொடாஃபினில், ஒரு பிரிவுக்கு ஆம்பெட்டமின், ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. கேள்வி கேட்டு, விடை சரி என்று எவ்வளவு நம்புகிறாய் என்றும் கூடவே கேட்டார்கள். மொடாஃபினில் போட்டவர்களுக்கு நம்பிக்கை அவர்களுடைய விடையைவிட மேலே நின்றது. ஆம்பெட்டமின்காரர்களிடம் அது அப்படித் தெரியவில்லை என்பதுதான் விசித்திரம். தூக்கத்தைத் தள்ளிவைப்பதில் இரண்டும் ஒன்றுபோல வேலை செய்தன, ஆனால் நான் எவ்வளவு தப்புச் செய்கிறேன் என்று தன்னைத்தானே பார்க்கிற கண், சாது என்று நான் நினைத்த மருந்தில்தான் மங்கியிருக்கிறது. அவர்கள் கொடுத்த அளவு அதிகம், மாமா போட்டது குறைவு, இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் ஆள் இல்லை. ஆனாலும் கிளீனர் பையனின் அந்த இரண்டு வெள்ளைக் கோடு என் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

மாத்திரையைத் திட்ட எனக்கு ஆசை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் ஷிஃப்ட் வேலைத் தூக்கக் கோளாறு உள்ள 209 பேரிடம் நடந்த சோதனையில், வேலை முடிந்து வீடு போகும்போது விபத்தோ நூலிழையில் தப்பித்ததோ நேர்ந்ததாகச் சொன்னவர்கள் வெற்று மாத்திரையில் 54 சதவீதம், மொடாஃபினிலில் 29. அது சின்ன வித்தியாசம் இல்லை. நார்கோலெப்சிக்காரர்களுக்கு இது வாழ்க்கையையே திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் அதே சோதனையில் இன்னொரு எண்ணும் உண்டு. ராத்திரி இருட்டறையில் படுக்கவைத்து, எத்தனை நிமிஷத்தில் தூங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். மாத்திரை அந்த நேரத்தைச் சராசரியாக 1.7 நிமிஷம் கூட்டியது, வெற்று மாத்திரை 0.3. ஒன்றே முக்கால் நிமிஷம்கூட இல்லை. தூக்கம் அங்கேயேதான் இருந்தது, கதவுக்குப் பின்னால்.

காது குறைந்த வீடு

நான் வேலூரில் ஒரு தூக்க மருத்துவரைப் பார்க்கப் போனேன், வெட்கத்தோடுதான். அவர் மாத்திரையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ஏற்கெனவே போடுகிற வேறு மருந்து உண்டா, உடம்பில் எங்காவது தடிப்பு வந்ததா என்று கேட்டார். அபூர்வமாக, உயிருக்கே ஆபத்தான தோல் பிரச்சினை இதில் வரும், தடிப்பு தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். அப்புறம், "பகலில் எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" என்றார். நாலு, நாலரை என்றேன். மொட்டை மாடிக்குக் கீழ் அறை, வேலூர் வெயில், காலை பத்து மணிக்கே கூரை அடுப்பாகிவிடும், பக்கத்தில் கல்யாண மண்டபம், ஸ்பீக்கர். "எத்தனை வருஷமா?" இரண்டரை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கினதையும் பின்னால் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு ராத்திரி தூங்காமல் இருந்தவர்களின் மூளையைப் படம் எடுத்தபோது, டோபமினைக் கேட்கிற டி2 ரிசப்டர்களில், படத்துக்காக ஏற்றுகிற கதிரியக்கக் குறி ஒட்டுவது குறைந்திருந்தது. முதலில், ஓஹோ தூக்கத்தை எதிர்த்து நிற்க மூளையே டோபமினை அதிகமாகக் கொட்டுகிறது போல, அது இடத்தைப் பிடித்துக்கொண்டதால் குறி ஒட்டவில்லை என்று நினைத்தார்கள், 2008இல். நான்கு வருஷம் கழித்து அதே குழு வேறு விதமாகச் சோதித்தது: டோபமின் கூடவில்லை, ரிசப்டர்தான் குறைந்திருக்கிறது. மணி அதே சத்தத்தில்தான் அடிக்கிறது, வீட்டில் கேட்கிற காதுகள் குறைந்துவிட்டன. மாத்திரை செய்வது மணியை இன்னும் ஓங்கி அடிப்பது. காது திரும்ப வளர வேண்டுமென்றால் தூங்கத்தான் வேண்டும். இரண்டரை வருஷம் நாலு மணி நேரம் தூங்கினவனுக்கு இது எப்படி இருக்கும் என்று அந்த ஆய்வில் இல்லை, அது ஒரே ஒரு ராத்திரியைப் பற்றியது. என் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு பழைய ஏர் கூலர், ஷிஃப்ட்டை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளி வாங்கியது என்று ஏதேதோ செய்து இப்போது ஆறு மணி நேரம் தேறுகிறது. மாத்திரை இல்லை. முதல் இரண்டு வாரம் உலகத்தில் எதுவுமே செய்யத் தகுந்ததாகத் தோன்றவில்லை, ஆல்பம் உள்பட. அது தானாகச் சரியாயிற்று.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போனில் சொல்ல முடியவில்லை, குடியாத்தம் போய், அதே திண்ணையில் உட்கார்ந்து, காட்பாடி பிளாட்பாரத்தில் தொடங்கி கனடா வரைக்கும் கைகாலை ஆட்டிச் சொன்னேன். காபி மாதிரி இல்லை மாமா, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. இன்னொரு அட்டை கிடைக்காமல் போனதே நல்லது என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். மாமா பீடியைப் பற்றவைக்காமல் விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தப் பையன் சொன்னது... கோட்டுக்கு வெளிய போச்சுன்னானே. நிஜமாத்தான் இருக்குமா?"

"இருக்கும் மாமா."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ராணிப்பேட்டைலயே எறங்கிப் போய்ட்டான்டா. ஓனரு கிட்ட சொல்லி நான்தான் அனுப்பச் சொன்னேன். இப்ப வேற யார் வண்டிலயோ கீறான்" என்றார்.